நாலு கதவு செவர்லே

பீளமேட்டில் நூல் மில் வைத்திருந்த சுந்தரராஜுலு, அப்பா விட்டுப்போன பழைய காரின் விலை என்னவென்று தெரிந்துகொள்வதற்காக சென்னியப்பனைக் கூப்பிடவில்லை. விலை அவருக்கு ஏற்கெனவே தெரியும். எட்டு லட்சம். அதைக் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சென்னியப்பனுக்கு வண்டிகளை மதிப்பிடுவது தொழில். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சர்வேயர் என்பார்கள். லாரி கவிழ்ந்தாலும் டிராக்டர் கிணற்றில் விழுந்தாலும் போய்ப் பார்த்து, போனது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார். நாற்பத்தொரு வயது. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ. சைக்கிள் கடை மாடியில் ஓர் அறைதான் ஆபீஸ். தன் அறிக்கைகளில் ‘சுமார்’ என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதியதில்லை என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் எவ்வளவு நஷ்டம் என்று அவர் மனைவி மாசாணியம்மாள் தனியாக ஒரு மதிப்பீடு வைத்திருந்தார்.

அது 1996. சுந்தரராஜுலுவுக்கும் தம்பி வெங்கடபதிக்கும் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் கோபம் வந்தால் தெலுங்கு, கணக்கு வந்தால் தமிழ். ஆறு மாதமாகத் தமிழ்தான் ஓடிக்கொண்டிருந்தது. மில், வீடு, நகை எல்லாம் பிரிந்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் அவினாசி ரோட்டின் மேலேயே அறுபது சென்ட் காலி இடம். மற்றொன்று கார். 1951 செவர்லே, மேல்கூரை இல்லாதது, மடக்குத் துணிக்கூரை போட்டது. கன்வர்ட்டிபிள்.

“ரோட்டு மேல சைட்டு, எட்டு லட்சம் தாராளமாப் போகுமுங்க,” என்றார் சுந்தரராஜுலு. சென்னியப்பனை ஹாலில் சோபாவில் உட்காரவைத்திருந்தார். “காரும் எட்டு லட்சம்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, தம்பிக்குக் காரு, எனக்கு சைட்டு. ஜோலி முடிஞ்சுதுங்க. பாம்பேல இதே மாதிரி ஒரு காரு ஒம்பது லட்சத்துக்குப் போச்சுன்னு கிளப்புல பேசிக்கறாங்க.”

“வண்டியப் பாத்துட்டுச் சொல்றனுங்க.”

“பாருங்க, பாருங்க. ஏனுங்க, உங்களுக்கு எந்தூரு?”

“கருமத்தம்பட்டிங்க.”

“அட, நம்ம சைட்டுப் பக்கம். கருமத்தம்பட்டில யாரு ஊடுங்க?”

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்தவர்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருபது வருட சர்வீஸில் சென்னியப்பன் இதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்.

“காலனிங்க,” என்றார்.

“ஓ,” என்றார் சுந்தரராஜுலு. முகம் மாறவில்லை. படித்தவர், வெளிநாடு போய்வந்தவர். அவர் பேச்சில் வாக்கியத்துக்கு இரண்டாக வந்துகொண்டிருந்த ‘ங்க’ மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. “சரி, ஷெட்டு பின்னால இருக்குது. போய்ப் பாத்துட்டு வந்துரு.”

காபி வந்தது. அவருக்கு வெள்ளி டம்ளரில், சென்னியப்பனுக்குக் கண்ணாடி கிளாஸில். காபி நன்றாகத்தான் இருந்தது. சென்னியப்பன் அதைக் குடித்து முடித்துவிட்டு, டார்ச்சையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

கார் தூரத்தில் அழகாகவே இருந்தது. பாலாடை நிறம், சிவப்பு சீட்டு, முன்னால் குரோமியப் பல்வரிசை. நாலடி கிட்டே போனதும் சென்னியப்பனுக்கு ஏதோ உறுத்தியது. எட்டடி பின்னால் வந்து எண்ணினார். கதவுகள் நாலு.

அந்த வருடத்து செவர்லேயில் கம்பெனி செய்த கன்வர்ட்டிபிளுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது கூரையோடு வரும் சாதாரண கார். அவர் கீழே குனிந்தார். முன் கண்ணாடியின் சட்டத்தில் பெயிண்டுக்கு அடியில் ஈயம் வைத்து ரொப்பிய மேடு விரலுக்குத் தட்டியது. நகத்தால் சுரண்டினார். ரம்பத்தின் பல் பட்ட தடம் வரிவரியாகத் தெரிந்தது. கூரையை அறுத்ததில் உடம்புக்கு முதுகெலும்பு போய், வண்டி நடுவில் சினைப் பசு மாதிரி தொய்ந்திருந்தது. பின் கதவு ஒன்றைத் திறந்தார், திறந்தது. மூட முடியவில்லை. பானெட்டைத் தூக்கினால் உள்ளே மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின். மடக்குக் கூரை லாரித் தார்ப்பாய், ஓரத்தில் சாமியானாக்காரர்கள் போடுகிற இரட்டைத் தையல்.

“எண்ணிட்டீங்களா கதவ?” என்று வாசலில் ஒரு குரல். சுந்தரராஜுலுவின் மனைவி ராமாமணி. கையில் பூக்கூடை. பூப்பறிக்க வந்தவர் போலிருந்தாலும் ஷெட்டுக்குள் பூச்செடி எதுவும் இல்லை.

“எண்ணிட்டனுங்கம்மா. அறுத்தது யாருங்க?”

“எங்க மாமனாருதானுங்க அறுக்கச் சொன்னது. அவருக்கு முனிசிபல் எலெக்சன்ல நிக்கோணும்னு ஆசை. எலெக்சன்ல நின்னாப் பத்தாது, கார்லயும் நின்னு கும்பிட்டுட்டுப் போகோணும்னு யாரோ சொல்லிப்போட்டாங்க. அதுக்குன்னே பழசா இந்தக் கார வாங்குனாரு. கூரை இருந்தா எப்படி நிக்கறது? லாரிப் பட்டறையில குடுத்து ஒரே நாள்ல அறுத்துப்போட்டாங்க. பதினெட்டு நாள் நின்னுக்கிட்டே போனாரு. டெபாசிட் போச்சு. அப்புறம் அறுத்த கூரைய ஒட்டவெக்க முடியாதுன்னுட்டாங்க. ஊர்ல கேக்கறவங்களுக்கு ஊட்டி வெள்ளக்காரங்கிட்ட வாங்குன கன்வர்ட்டிபிள்னு சொல்லிட்டாரு. இவங்க ரெண்டு பேரும் அப்பச் சின்னப் பசங்க, ஏற்காட்டுல ஹாஸ்டல்ல. லீவுக்கு வந்தப்ப இதுதான் சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அதான்.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“என் கல்யாணத்துக்கு இதுலதான் கூட்டியாந்தாங்க. வழியெல்லாம் மழை. தார்ப்பாய் ஒழுகி, பட்டுச்சேலை சாயம் விட்டு, நான் மூஞ்சியெல்லாம் பச்சையா வந்து எறங்குனேன். அன்னைக்கே டிரைவரக் கேட்டேன், சொன்னாரு.” அவர் தொய்ந்த கதவை இடுப்பால் ஒரு இடி இடித்தார். அது மூடிக்கொண்டது. “நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. வீட்ல எல்லாருக்கும் இருக்கற ஒரே சந்தோசம் இந்தக் காரு.”

சென்னியப்பன் அன்று மாலையே தட்டச்சு செய்தார். கூரை பின்னாளில் அறுக்கப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் ‘சலூன்’, அதாவது கூரை வைத்த கார், என்றே பதிவு. எஞ்சின் மாற்றம். இரும்பு, சீட்டு, ஓடும் நிலை எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். வண்டிப் பேப்பர்களை அவர் வாங்கிவந்த ஃபைலில், போன வருடம் சுந்தரராஜுலு வெல்த் டாக்ஸுக்குக் கொடுத்த சொத்துக் கணக்கின் நகலும் தவறுதலாக இருந்தது. அதில் இதே கார் ‘பழைய இரும்பு, ரூ. 6,000’ என்று இருந்தது. கவர்மெண்டுக்கு ஆறாயிரம், தம்பிக்கு எட்டு லட்சம்.

மறுநாள் சுந்தரராஜுலு அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

“இருபத்தெட்டாயிரம்.”

“ஐந்நூறுங்க.”

“நம்ம மில்லு லாரி பதினாலும் உனக்கு வேலை குடுக்கற கம்பெனிலதான் இன்சூரன்ஸ் பண்ணியிருக்கறேன். தெரியுமில்ல?”

“தெரியுமுங்க.”

“அப்பா பொய் சொல்லியிருக்காருங்கற.”

“வண்டிய மட்டுந்தானுங்க நான் பாத்தேன்.”

சுந்தரராஜுலு கத்துவார் என்று எதிர்பார்த்த சென்னியப்பன், பதிலையெல்லாம் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தார். தயார் செய்ததெல்லாம் வீணாயிற்று. சுந்தரராஜுலு ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம் அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “ஞாயித்துக்கெழமை பாலுசாமி மாமா முன்னால பேச்சு வெச்சிருக்கறோம். நீங்களும் வந்துருங்க. இதே மாதிரி சொன்னாப் போதுமுங்க,” என்றார்.

‘ங்க’ திரும்பி வந்திருந்தது. அதுதான் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பாலுசாமி அவர்களுடைய தாய்மாமா. பருத்தி ஜின்னிங் ஃபாக்டரிக்காரர். குடும்பத்தில் யார் பிரிந்தாலும் நடுவில் உட்காருவது அவர்தான். காது கொஞ்சம் மந்தம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் அவர்மேல் நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் ஹாலில் கூடினார்கள். வெங்கடபதி அண்ணனைவிட ஏழு வயது இளையவர், அண்ணனைவிட இரண்டு மடங்கு சந்தேகக்காரர். வழவழ காகிதத்தில் அச்சான ஓர் இங்கிலீஷ் பத்திரிகையை மடியில் வைத்திருந்தார். அதில் ஒரு செவர்லே கன்வர்ட்டிபிளின் கலர் படம்.

சுந்தரராஜுலு தொண்டையைச் செருமினார். “மாமா, நான் ஒளிமறைவு இல்லாமச் சொல்லிப்போடறேன். சர்வேயர வெச்சுக் காரப் பாத்தாச்சு. இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறுதான் பெறுமாம். சைட்டு எட்டு லட்சம். அதனால சைட்ட ஆளுக்குப் பாதியா முப்பது முப்பது சென்டு எடுத்துக்கலாம். அந்தக் காரு…” குரல் கரகரத்தது. “அது எங்கிட்டயே இருக்கட்டும். அப்பா உக்காந்த காரு. தம்பிக்குப் பாதிக் காசு, பதினாலாயிரத்து எரநூத்தம்பது, இப்பவே எண்ணி வெச்சுடறேன்.”

இதைவிட நியாயமான பேச்சு அந்த ஆறு மாதத்தில் அந்த ஹாலில் நடக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒவ்வொரு காசும் சரி. சென்னியப்பன் மனதில் ஒரு மரியாதையே வந்தது.

வெங்கடபதியின் முகம் சிவந்தது.

“மாமா, கேட்டீங்களா? எட்டு லட்சம் காரு. எட்டே கால்கூடப் போகும். அத இருபத்தெட்டாயிரம்னு ஆள் வெச்சு எழுதி வாங்கிட்டு, அழுதுட்டே அமுக்கப் பாக்கறான். நாளைக்கு பாம்பேக்காரனுக்கு வித்துப்போட்டு, சைட்லயும் பாதி வெச்சுக்குவான்.”

“தம்பி, சர்வேயர் சொல்றதத்தான் நான் சொல்றேன்.”

வெங்கடபதி முதல்முறையாக சென்னியப்பனைப் பார்த்தார். “எவ்வளவு வாங்குன?”

“முந்நூத்தம்பதுங்க. ஃபீஸு. ரசீது குடுத்திருக்கறேன்.”

“கன்வர்ட்டிபிள்னா என்னன்னு தெரியுமா உனக்கு? காலனில எத்தன கன்வர்ட்டிபிள் நிக்குது?”

பாலுசாமிக்கு இது கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் கேட்டது. ஒரு நிமிடம் எழுந்து போய்விடலாமா என்று சென்னியப்பன் நினைத்தார். போனால் விலை சொல்லப் பயந்துகொண்டு போனான் என்றாகும்.

“எனக்குக் காரு தெரியுமுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க,” என்றார். “ஷெட்டு பத்தடிலதான் இருக்குது. வாங்க, ரம்பத் தடம் காட்டறேன். கூரைய நம்மூர்லயே அறுத்திருக்காங்க. உங்க பத்திரிகைப் படத்துல எத்தன கதவு இருக்குதுன்னு எண்ணுங்க. ரெண்டு. நம்ம வண்டிக்கு நாலு.”

வெங்கடபதி படத்தைப் பார்த்தார். எண்ணினார். உதடு அசைந்தது. எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“அதத்தான் நானும் சொல்றேன். எல்லாத்துக்கும் ரெண்டு கதவு, நம்முளுதுக்கு நாலு. அப்பாவுக்குன்னு ஸ்பெஷலாச் செஞ்சு அனுப்பியிருக்கறான். உலகத்துலயே ஒண்ணுதான்.”

உலகத்திலேயே ஒன்றுதான் என்பதில் சென்னியப்பனுக்கும் கருத்து வேறுபாடில்லை.

“ஷெட்டுக்கு வந்து ஒருக்காப் பாருங்க,” என்றார் மறுபடியும்.

“நான் சின்னதுல இருந்து பாத்த காரு. நீ காட்டி நான் பாக்கோணுமா? மாமா, என் முடிவு இதுதான். காரு எனக்கு. சைட்ட முழுசா அவனே வெச்சுக்கட்டும்.”

“தம்பி, வேண்டாம். அவசரப்படாத,” என்றார் சுந்தரராஜுலு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “அப்பா காரு. அத மட்டும் கேக்காத.”

“காரு எனக்கு.”

“மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க.”

மாமா, “என்ன, காரா?” என்றார்.

அரைமணி நேரம் சுந்தரராஜுலு கெஞ்சினார். கெஞ்சக் கெஞ்ச வெங்கடபதி இறுகினார். கடைசியில் அண்ணன் தோற்றுப்போனவராகக் கையெழுத்துப் போட்டார். அறுபது சென்ட் அண்ணனுக்கு, செவர்லே தம்பிக்கு. வாசற்படியில் நின்றிருந்த ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். துக்கத்தில் என்று பாலுசாமி நினைத்தார்.

செருப்பு மாட்டும் இடத்தில் சுந்தரராஜுலு சென்னியப்பனிடம் வந்தார். கையில் ஒரு கவர், ஒரு சீப்பு பூவம்பழம்.

“நீங்க நேர்மையான ஆளுங்க. உங்க சர்ட்டிபிகேட்டு நல்லா வேலை செஞ்சுது. எட்டு லட்சம்னு எழுதியிருந்தீங்கன்னா, அண்ணன் தலைல கட்டப் பாக்கறான்னு அவன் சைட்டப் புடிச்சுக்கிட்டிருப்பான். சின்ன வயசுல இருந்து அவன எனக்குத் தெரியுமுங்க.”

கவரில் பத்தாயிரம் இருந்தது. சென்னியப்பன் கவரைத் திருப்பிக் கொடுத்தார். பழத்தையும் கொடுத்தார். பழத்தை எதற்குக் கொடுத்தோம் என்று பஸ்ஸில் யோசித்தார்.

வீட்டில் மாசாணியம்மாள் முழுக்கதையையும் கேட்டார். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்டார்.

“உண்மையத்தான சொன்னீங்க?”

“உண்மையத்தான் சொன்னேன்.”

“நீங்க சொன்னீங்க. அவரு அத வித்துப்போட்டாரு. எட்டு லட்சத்துல பாதி, நாலு லட்சம். உங்களுக்கு முந்நூத்தம்பது.” சிவப்புப் பேனாவால் யாருடைய கணக்கிலோ ஒரு கோடு போட்டார். “தப்பு உங்க மேல இல்லீங்க. ஆனா அடுத்த தடவ பழத்தையாச்சும் கொண்டாங்க.”

அந்த மாதமே மில் லாரிகள் பதினாலும் வேறு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போயின. நேர்மையான சர்வேயர் ஒருவர் பக்கத்தில் இருப்பது ஒரு தடவைக்குத்தான் உபயோகம் என்று சுந்தரராஜுலு நினைத்திருக்க வேண்டும்.

பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சைக்கிள் கடை மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். வெங்கடபதி. இளைத்திருந்தார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு, அங்கே இருந்த எவர்சில்வர் சொம்பிலேயே குடித்தார்.

பெங்களூரில் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்கு அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். கேட்டிலேயே ஒரு கிழவர், தலையில் தொப்பி, கையில் பேனா. வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நின்ற இடத்திலிருந்து கதவுகளை எண்ணினார். பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். கடைசியில் பதினைந்து பேர் வந்து நின்று பார்த்தார்கள்.

“சிரிச்சாங்களா?” என்றார் சென்னியப்பன்.

“சிரிச்சிருந்தாப் பரவால்லீங்களே. பாவம்னு பாத்தாங்க. யாரோ டீ வாங்கிக் குடுத்தாங்க.” சொம்பைக் கீழே வைத்தார். “சைட்டுல பெட்ரோல் பங்க் வருதுங்க. பன்னெண்டு லட்சத்துக்கு அண்ணன் குடுத்துப்போட்டாரு. ஏனுங்க, நீங்க அன்னைக்கு ஏன் அடிச்சுச் சொல்லல?”

“சொன்னனுங்க. ஷெட்டுக்கு வாங்கன்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன்.”

“உண்மையச் சொன்னா நான் நம்பமாட்டேன்னு என் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குது. உங்களுக்குத் தெரியலியே. எட்டு லட்சம்னு ஒரு பொய் எழுதியிருந்தீங்கன்னா, சந்தேகப்பட்டு சைட்டக் கேட்டிருப்பேன். ஒரே ஒரு பொய்யிங்க. அதக் கூட உங்களால சொல்ல முடியல.”

அந்த ஆள் சொல்வது அநியாயம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறது. காலனிப் பேச்சுக்கு ஒரு வார்த்தை வருத்தம் வருமா என்று சென்னியப்பன் ஒரு கணம் காத்திருந்தார். அது வரவில்லை. அதெல்லாம் வெங்கடபதிக்கு ஞாபகம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

“இப்ப என்னங்க வேணும்?”

“பாலக்காட்டு ரோட்ல ஒருத்தர் ஓட்டல் கட்டறாருங்க. முன்னால நிறுத்தி வெக்க ஒரு பழைய காரு கேக்கறாரு. நாலு லட்சம்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்தீங்கன்னா வித்துத் தள்ளிருவேன். நாலு கூட வேண்டாம், மூணு போடுங்க. அவரு வண்டியக் கண்ணாலயே பாக்க மாட்டாரு.”

“வண்டி எங்கீங்க நிக்குது?”

“கீழதான். உங்க சைக்கிள் கடைக்கு முன்னால.”

சென்னியப்பன் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பெங்களூர்ப் பயணத்தில் தார்ப்பாய் கிழிந்துவிட்டது. அரைமணி நேரம் பார்த்தார். மேலே வந்து தட்டச்சு செய்தார். பதினோரு மாதத் தேய்மானம், தார்ப்பாய்ச் சேதம் கழித்து, இருபத்தாறாயிரத்து எழுநூறு. வெங்கடபதி அதை வாங்கிப் படித்தார். கோபப்படக்கூட இல்லை. முந்நூற்றைம்பது எண்ணி வைத்துவிட்டுக் காகிதத்தை மேஜை மேலேயே விட்டுப் போனார்.

ஓட்டல்காரர் வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து காந்திபுரத்தில் கல்யாண ஊர்வலங்களுக்கு வண்டி வாடகைக்கு விடுகிற ஒருவர் வாங்கிக்கொண்டதாகத் தெரியவந்தது. முப்பத்தோராயிரத்துக்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து நின்று கும்பிட வசதியாக இருக்கிறதாம்.

மாசாணியம்மாள் சிரித்தார். “உங்க கணக்குல நாலாயிரத்து முந்நூறு கொறையுது.”

சென்னியப்பன் சிரிக்கவில்லை. இரண்டு அறிக்கைகளின் நகலையும் எடுத்துவைத்து முதலிலிருந்து கூட்டினார். இரும்பு சரி, எஞ்சின் சரி, சீட்டு சரி. டிக்கியைத் திறந்து பார்த்தோமா என்று யோசித்தார். திறந்த ஞாபகம் இருந்தது. உள்ளே ஸ்டெப்னி இருந்ததா இல்லையா என்பதுதான் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.